மாஸ்டர் வீட்டுச் சிட்டிகை

கல்லூரி விடுதிக்கு வந்த முதல் நாள் மதியம், தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றபோதுதான் சமையல் மாஸ்டரை முதன்முதலாகப் பார்த்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்ற மிதப்பு ஒரு பக்கம், யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாத கூச்சம் இன்னொரு பக்கம். போதும் என்று தட்டின் மேல் கையை மறித்தேன். அவர் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். "மூஞ்சி பசிக்குதுங்குது, கை போதுங்குது. நான் யார் பேச்சக் கேக்குறது?" என்று சொல்லி இன்னொரு கரண்டி போட்டார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். விடுதியில் அவருக்கு 'இன்னொரு கரண்டி' என்றே ஒரு பெயர் உண்டு என்பது அன்று சாயங்காலம் தெரிந்தது. நாலு வருஷம் அந்தக் கையால் சாப்பிட்டுப் பட்டமும் வாங்கியாயிற்று. அவரை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது ஒரு பூனைக்குட்டிக்கு அவர் சாப்பாடு போட்ட கதைதான். பாதி அவர் சொன்னது; மீதி, அவர் சொன்னதை அவர் மனைவி திருத்திச் சொன்னது.

மாஸ்டருக்கு அப்போது வயது ஐம்பத்து நாலு. முழங்கைக்குக் கீழே ஒரு முடி இருக்காது. இருபத்தாறு வருஷ அடுப்பு அனல் அத்தனையையும் பொசுக்கியிருந்தது. நானூறு பேருக்கு மூன்று வேளையும் அவர் பொறுப்பு. ருசி பார்க்க ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்குவார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் சரியாக வந்துவிட்டது என்று அர்த்தம். அவர் பேர் வெளியே போனது ஞாயிற்றுக்கிழமை சூப்பினால். படிப்பை முடித்து வேலைக்குப் போனவர்கள்கூட ஞாயிறு மதியம் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து ஒரு கிண்ணம் குடித்துவிட்டுப் போவார்கள். அதில் என்ன போடுகிறார் என்று கேட்காதவர் கிடையாது. எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "எலும்பும் தண்ணியும்தான்."

இந்தப் பதிலை ஒரு நாளும் நம்பாதவர் காய் நறுக்குகிறவர். நாற்பது வயது, ஒல்லி, வாயும் கையும் ஒரே வேகம். அவரை எல்லோரும் கத்தி என்றுதான் கூப்பிடுவார்கள். சூப்புக்கு அடுப்பு மூட்டுவது சனிக்கிழமை மதியம். அந்த மதியம் பார்த்துத் தனக்கு மட்டும் எட்டு வருஷமாக மாஸ்டர் லீவு கொடுப்பது தன்மேல் உள்ள பிரியத்தால் என்று கத்தி நினைக்கவில்லை.

பூனைக்குட்டி கிடைத்தது சரக்கறையில், மாவு மூட்டைகளுக்குப் பின்னால். தாய்ப்பூனை இரண்டு நாளாகக் கண்ணில் படவில்லை. மூன்று குட்டிகளில் இரண்டு விறைத்துக் கிடந்தன. மூன்றாவது, வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. மாஸ்டர் அதை மசாலா நிறுக்கிற தராசில் வைத்தார். இருநூற்று நாற்பது கிராம்.

"ஒரு சிட்டிகைதான் இருக்கு," என்றார். அதுவே பெயராகிவிட்டது.

வார்டன் வாசலில் நின்று பதறினார். "மாஸ்டர், சமையக்கட்டுல பூனையா? யாராச்சும் பாத்தா என் சீட்டக் கிழிச்சிடுவாங்க!"

"தராச வெந்நீர்ல கழுவிட்டேன் சார். இத வீட்டுக்குத்தான் கொண்டு போறேன். உங்க சீட்டு பத்திரமா இருக்கட்டும்."

வீடு என்பது விடுதிக்குப் பின்னால் ஊழியர்களுக்குக் கொடுத்த இரண்டு அறை. மாஸ்டரின் மனைவி துணி ஆலையில் செக்கிங் பிரிவில் இருந்தார். நாள் முழுக்கச் சட்டைகளை விரித்துப் போட்டு, விட்டுப்போன தையலையும் நூல் பிசிறையும் கண்டுபிடிப்பது வேலை. அந்தக் கண் வீட்டிலும் ஓயாது. பிஸ்கட் அட்டைப்பெட்டியில் பழைய துண்டுக்கு நடுவே கிடந்த குட்டியைப் பார்த்ததும், "என்னங்க, இதுக்கு வயித்தால போகுது. நீங்க என்ன குடுத்தீங்க?" என்றார்.

"பால்தான். நல்ல கெட்டிப் பால்."

"கெட்டிப் பாலு! பல்லு முளைக்காததுக்கு விருந்தா வச்சீங்க? கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

கால்நடை ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. டாக்டர் இளவயதுப் பெண்; பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. மாட்டுப்பால் இதற்குச் சேராது, குட்டிகளுக்கென்று தனியாகப் பால் பவுடர் இருக்கிறது, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும், கைக்குழந்தை மாதிரி மல்லாக்கப் போட்டு ஊட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும், குப்புறப் படுக்க வைத்துத் தலையை லேசாகத் தூக்கித்தான் ஊட்ட வேண்டும் என்று மடமடவென்று சொன்னார். கடைசியில் குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

"நம்பிக்கை குடுக்க மாட்டேன். தாய் இல்லாம, இந்த எடையில வர்றதுங்க பாதிக்கு மேல நிக்கிறதில்ல."

மாஸ்டருக்கு அது தன் கையைப் பற்றிச் சொன்னதாகப் பட்டது. "டாக்டரம்மா, இருவத்தாறு வருசமா நானூறு பேருக்குப் போடுறேன். இந்தக் கையில சாப்பிட்டு ஒருத்தன் மெலிஞ்சான்னு சொல்லுங்க பாப்போம். இன்னிலருந்து ஒரு வருசம். இதே மேசை, இதே தராசு. மூணரை கிலோவா கொண்டு வந்து நிறுத்துறேன்."

"நிறுத்துங்க. நானும் இங்கதான் இருப்பேன்," என்று சொல்லி, இரண்டு பக்கமும் அச்சடித்த ஒரு தாளை நீட்டினார். என்ன கொடுக்கலாம், என்ன கூடாது என்ற பட்டியல். மாஸ்டர் முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டு மடித்து மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மாள் அதை முழுசாகப் படித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார்.

மாஸ்டர் வாய் சும்மா இருக்குமா? மறுநாள் காலைக்குள் நானூறு பேருக்கும் மூன்றரை கிலோ விஷயம் தெரிந்துவிட்டது. "மாஸ்டர், இப்ப எவ்வளவு?" என்பதுதான் அப்புறம் வரிசையில் நிற்பவர்களின் வணக்கம்.

முதல் ஒரு மாதத்தைப் பற்றி அவர் மார்தட்டிக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. பவுடரில் ஒரு கட்டி விழாது. சூட்டை மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டே கண்டுபிடிப்பார். காலை அடுப்பு பற்றவைக்க நாலு மணிக்கு எழுகிற மனிதர், எழுந்த கையோடு சிட்டிகைக்கு முதல் வேளை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வாட்ச்மேன் அறையில் வைத்துவிட்டு, காலைப் பந்தி முடிந்ததும் ஒரு வேளை, மதியம் முடிந்ததும் ஒரு வேளை. சாயங்காலம் மனைவி ஆலையிலிருந்து வந்ததும், ராத்திரி வேளையும் சேர்த்து, அந்த அம்மாள் முறை. ஊட்டி முடித்ததும் ஈரத்துணியால் அடிவயிற்றைத் துடைத்துவிட வேண்டும், அப்போதுதான் குட்டி ஒன்றுக்கு இரண்டுக்குப் போகும். வாட்ச்மேன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "மாஸ்டர், இந்த வேலையெல்லாமா பண்ணுவீங்க?" என்றதற்கு, "உனக்கும் யாரோ பண்ணிவிட்டவங்கதான்யா," என்றார்.

அஞ்சாவது வாரம் பவுடர்ப் பாலில் கோழிக்கறியை மசித்துக் குழைத்து வைத்தார். சிட்டிகை நாலு காலையும் கிண்ணத்துக்குள் வைத்து நின்றுகொண்டு தின்றது. எட்டாவது வாரம் எழுநூறு கிராம். நாளுக்கு நாலு வேளை. மாஸ்டர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார்.

மூன்று மாதம் ஆனபோது வந்தது வினை. சிட்டிகை அவர் சமைத்ததை மோந்து பார்த்துவிட்டு, முன்காலால் தரையைப் பறண்டி மூடுகிற மாதிரி செய்துவிட்டுப் போனது. மறுநாளும் அப்படியே. டாக்டர் கொடுத்த பாக்கெட் தீனியை மட்டும் பேருக்குக் கொறித்தது.

"நானூறு பேரு தட்ட வழிச்சு நக்குறாங்க," என்றார் மனைவி. "இது குழி தோண்டிப் பொதைக்குது. உங்களுக்கு ஏத்த ஆளு இப்பத்தான் வந்திருக்கு."

"வாய மூடு. அதுக்கு நாக்கு இன்னும் தெளியல."

மாஸ்டருக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. சமையல்காரன் வீட்டில் பாக்கெட் தீனியா? அந்த ஞாயிறு, அண்டாவில் உப்புப் போடுவதற்கு முன்னால் ஒரு தூக்கு சூப்பை எடுத்து ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்தார். உப்புக் கூடாது என்று தாளின் இரண்டாவது வரியில் படித்தது ஞாபகம் இருந்தது. சாயங்காலம் ஒரு கரண்டி எடுத்து வெதுவெதுப்பாக்கிப் பாக்கெட் தீனியின்மேல் ஊற்றினார். சிட்டிகை மோந்தது. நக்கியது. கிண்ணம் தரையில் நகர்ந்து சுவர் வரைக்கும் போனது, அது பின்னாலேயே போய் நக்கியது.

"பாத்தியா?" என்றார் மாஸ்டர்.

மனைவி கிண்ணத்தைப் பார்த்தார். தெளிவாக, தேன் நிறத்தில், ஒரு துணுக்குக்கூட இல்லாத சாறு. "இதுல வேண்டாதது ஒண்ணும் இல்லையே? அந்தத் தாள்ல நெறைய எழுதியிருக்கு."

"எலும்பும் தண்ணியும்தான்."

இருபத்தெட்டு வருஷம் கூடவே வாழ்ந்தவருக்கும் அந்தப் பதில்தான். அந்த அம்மாளும் அதற்குமேல் கேட்டதில்லை. ஆளுக்கொரு இடத்தில் ஒரு பூட்டு இருக்கும், இவருக்கு இது என்று விட்டுவிட்டார்.

அடுத்த இரண்டு வாரம் தினமும் இரண்டு வேளை சூப். கிண்ணம் காலியானால் இன்னொரு கரண்டி. எடை ஒரு கிலோ முந்நூறு வரைக்கும் ஏறியது, நின்றது, இறங்கியது. மூன்றாவது வாரம் ஒரு காலை, சிட்டிகை கூப்பிட்டால் வாலை மட்டும் அசைத்தது. எழுந்து நாலு அடி வைத்துப் படுத்துக்கொண்டது. குட்டி ஒன்றுக்குப் போகிற மண் தட்டைச் சுத்தம் செய்யப்போன மனைவி கூப்பிட்டார். "என்னங்க, இங்க வாங்க. ஒண்ணுக்கு செவப்பா இருக்கு."

கத்தியின் ஸ்கூட்டரில் மாஸ்டர் கூடையோடு பின்னால் உட்கார்ந்தார். மனைவி ஆலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து தாளைப் பிய்த்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, குறுக்குச் சந்து வழியாக நடந்தே வந்து அவர்களுக்கு முன்னால் நின்றார்.

டாக்டர் குட்டியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. மேசைமேல் கிடந்த குட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கியது.

"ரத்தம் அழிஞ்சுகிட்டே இருக்கு. வெங்காயம், பூண்டு, அந்த மாதிரி ஏதாவது சாப்பிட்டுச்சா?"

"அதெல்லாம் வீட்டுல அதுக்கு எட்டவே எட்டாது," என்றார் மனைவி. "பாக்கெட் தீனி, அதுமேல இவரு சூப்பு."

"சூப்புல என்ன?"

கத்தி பக்கத்தில்தான் நின்றார். கதவுக்கு வெளியே பெஞ்சில் நாய்களோடும் கூண்டுகளோடும் ஏழெட்டுப் பேர். மாஸ்டர் வாய் தன் பாட்டுக்குச் சொன்னது. "எலும்பும் தண்ணியும்தான்."

டாக்டர் தலையசைத்தார். "அப்ப ரத்தத்துல பூச்சியா இருக்கணும். அதுக்கு மருந்து குடுத்துப் பாக்கணும். இந்த வயசுக்குக் கொஞ்சம் கடுமையான மருந்துதான், தாங்குமா தெரியல. வேற வழியில்ல." திரும்பி அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்தார்.

மாஸ்டரின் மனைவி தாளை விரித்து விரலை ஒரு வரியில் வைத்துக்கொண்டிருந்தார். "என்னங்க," என்றார். "நெசமாவே எலும்பும் தண்ணியும்தானா?"

மாஸ்டர் கத்தியைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். ஒரு கிலோ இருநூறு கிராம் உடம்பு, விலா எலும்பு ஏறி இறங்கியது. ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல," என்றார் டாக்டர், ஊசியைக் கையில் பிடித்தபடி. "சத்தமா சொல்லுங்க."

பந்தியில் நானூறு பேருக்குக் கேட்கிற குரல் வெளியே வந்தது. "வெங்காயம்! ஒரு அண்டாவுக்குப் பதினெட்டு கிலோ வெங்காயம். தோலோட கங்குல சுட்டு, உரிச்சு, எலும்போட மூணு மணி நேரம் கரைய விடுவேன். ரெண்டு கிலோ பூண்டு. கடைசில துணியில வடிகட்டிருவேன். ஒரு துணுக்கு இருக்காது டாக்டரம்மா, சத்தியமா ஒரு துணுக்கு இருக்காது."

முதலில் மூச்சு வந்தது கத்திக்குத்தான். "அட! வாரா வாரம் ஒரு மூட்டை காணாமப் போகுதேன்னு நான் எலியப் போட்டுத் திட்டிக்கிட்டு இருக்கேன்!"

டாக்டர் புட்டியை அலமாரியில் திரும்ப வைத்தார். "மாஸ்டர், வடிகட்டினப்புறம் அந்த ருசி எங்க போச்சு?"

"தண்ணியிலதான்."

"விஷமும் அங்கதான் போச்சு. மனுசனுக்கு அது ஒண்ணும் பண்ணாது. பூனைக்கு ரத்தத்தையே அழிச்சிடும். இது உங்களுக்குத் தெரியாது, சரி. ஆனா கேட்டப்ப சொல்லியிருக்கலாமே? இன்னும் ரெண்டு நிமிசத்துல நான் தப்பு மருந்து போட்டிருப்பேன்."

தண்ணீருக்குள் ருசி இறங்குவது எப்படி என்று மாஸ்டரைவிட அறிந்தவர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. அதை வைத்துத்தான் அவர் பேரே வாங்கினார். அப்படிப்பட்டவர் துணியில் வடிகட்டிவிட்டு ஒன்றும் இல்லை என்று நம்பியிருக்கிறார். வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றபோது மனைவியிடம், "தெரிஞ்சே போடல," என்று மட்டும் சொன்னார்.

"தெரியும்," என்றார் அந்த அம்மாள். "படிக்காமப் போட்டீங்க." அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பரவாயில்லை என்று மாஸ்டர் பிற்பாடு சொல்வார்.

நாலு நாள் சிட்டிகை ஆஸ்பத்திரியில் இருந்தது. மூக்குக்குக் காற்றுக் குழாய், காலில் டிரிப்ஸ். மாஸ்டர் காலைப் பந்தி முடிந்தும் மதியப் பந்தி முடிந்தும் போய்க் கூண்டு முன்னால் நின்றுவிட்டு வந்தார். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. ஒருவரைப் பார்க்க அவர் வெறுங்கையோடு போனது அதுதான் முதல் தடவையாம். மூன்றாம் நாள் ஈறுகளில் லேசான சிவப்பு. நாலாம் நாள் டாக்டர் ஒரு கரண்டி பாக்கெட் தீனியை வைக்க, கூண்டின் மூலையிலிருந்து எழுந்து வந்து தின்றது. மாஸ்டர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அந்த வாரம் சனிக்கிழமை கத்திக்கு லீவு இல்லை. "மூட்டையப் பிரி," என்றார் மாஸ்டர். கத்தி வெங்காயத்தைச் சுட்டார், உரித்தார், கரைய விட்டார், எல்லாவற்றையும் ஒன்றுக்கு மூன்று தடவை கேட்டார். அடுத்த மாதம் மாஸ்டர் இல்லாத ஒரு ஞாயிறு அவரே வைத்தார். மாணவர்கள் குடித்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு, ஆனால் அது இல்லை என்றார்கள். மாஸ்டர் இன்னும் எதையோ மறைக்கிறார் என்பது கத்தியின் கட்சி.

"எதையும் மறைக்கலடா. அவசரப்படுற. மூணு மணி நேரம்னா மூணு மணி நேரம்," என்றார் மாஸ்டர்.

வீட்டில் தாள் மறுபடி ஒட்டப்பட்டது, இந்தத் தடவை அலமாரிக்கு வெளியே, கண் மட்டத்தில். மாஸ்டர் இரண்டு பக்கத்தையும் படித்தார். புரியாத இடங்களில் மனைவியிடம் கேட்டார். ஆறு மாதம் வரைக்கும் மூன்று வேளை: பாக்கெட் தீனி, கூட வெறும் தண்ணீரில் வேகவைத்த கோழி. உப்பில்லை, ஒன்றுமில்லை. "இதச் சமையல்னு யார்கிட்டயும் சொல்லிடாத," என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டார். ஆனால் அந்தக் கோழியை எந்தப் பக்குவத்தில் இறக்கினால் நாரில்லாமல் உதிரும் என்பதில் அவர் கை அவர் கைதான். சிட்டிகை பறண்டி மூடுவதை விட்டது.

ஆறாம் மாதம் கருத்தடை ஆபரேஷன் ஆனது. இதற்கப்புறம் பசி கூடும், உடம்பு போடும், அளவைக் குறைத்து இரண்டு வேளையாக்குங்கள் என்றார் டாக்டர். மாஸ்டர் வாழ்க்கையில் கஷ்டமான ஆறு மாதம் அதுதான். சிட்டிகை காலியான கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்க்கும். அவர் கை தானாக டப்பா மூடிக்குப் போகும். உள்ளேயிருந்து குரல் வரும்: "என்னங்க!"

"சும்மா மூடி சரியா இருக்கான்னு பாத்தேன்மா."

பதினோராம் மாதம் பெரிய பூனைகளுக்கான தீனிக்கு மாற வேண்டியிருந்தது. முதல் இரண்டு நாள் கால் பங்கு புதுசு, அப்புறம் பாதி, அப்புறம் முக்கால். அதை மசாலா கலக்கிற நிதானத்தோடு செய்தார்.

சொன்ன தேதிக்குக் கூடையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கத்தி வந்தார், வாட்ச்மேன் வந்தார், கடைசி வருஷ மாணவர்கள் நாங்கள் பத்துப் பேர் வாசலில் நின்றோம். சிட்டிகையைத் தராசில் வைத்தார்கள். பளபளவென்ற கருப்பு; எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தராசின் மேலேயே உட்கார்ந்து பாதத்தை நக்கியது.

"மூணு கிலோ முந்நூறு," என்றார் டாக்டர்.

மாஸ்டர் முகம் விழுந்தது. "உங்க தராசு சரியில்ல. எங்க மசாலாத் தராசுல..."

"தராசு சரியாத்தான் இருக்கு." டாக்டர் சிட்டிகையின் விலாவில் விரல் வைத்து அழுத்திப் பார்த்தார், உதட்டைத் தூக்கி ஈறுகளைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். "இவ எலும்புக்கு இதுதான் அளவு. நீங்க சொன்ன மூணரைக்குக் கொண்டு வந்திருந்தா, தொப்பையக் குறைங்கன்னு திட்டி அனுப்பியிருப்பேன். ரத்தம் நல்லா இருக்கு. ஒரு குறையும் இல்ல."

மாஸ்டர் சிட்டிகையைத் தூக்கிக் கூடையில் வைத்தார். "அப்போ கணிப்புதான் தப்பு," என்றார். "போட்டது சரி."

"போட்டது சரி," என்றார் டாக்டர்.

வாசலில் நின்ற எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. கத்தி விசிலடித்ததில் வெளியே இருந்த நாய்கள் அத்தனையும் குரைத்தன. மாஸ்டரின் மனைவி கூடையை மூடி, "போதும், வாங்க. மதியப் பந்திக்கு நேரமாச்சு," என்றார்.

இப்போது மாஸ்டருக்கு ஐம்பத்தேழு வயது. அதே விடுதியில்தான் இருக்கிறார். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம். அவர் மனைவிக்கு ஆலையில் செக்கிங் பிரிவு மேற்பார்வை கிடைத்திருக்கிறது. சிட்டிகைக்கு மூன்று வயது முடிந்துவிட்டது, அதே இரண்டு அறை வீட்டில் இருக்கிறது. காலை வேளை அந்த அம்மாள் வைக்கிறார், சாயங்கால வேளை மாஸ்டர்.